தலை தாழாத பாதுஷா

கொள்ளு வேகும்போது வரும் வாசம் எனக்குப் பிடிக்கும், டாக்டர் ஐயா. பேகம்பூர் லாயத்தில் அந்த வாசத்தோடுதான் எனக்குப் பொழுது விடியும். பெண்டாட்டி கருப்பம்மாள் போனபிறகு வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டேன். பேச ஆளில்லாத வீட்டுக் கதவைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன. லாயத்தில் குதிரை பாதுஷா இருந்தது. என் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கனைக்கும். எனக்காகக் குரல் கொடுக்க இந்தத் திண்டுக்கல்லில் வேறு ஒரு ஜீவன் கிடையாது.

டவுன் பஸ் ஓடத் தொடங்கியதும் ஜட்காவுக்குச் சவாரி குறைந்தது. குதிரையை அந்தியூர் ஆடிச் சந்தையில் விற்றுவிடலாம் என்றார் முதலாளி அப்துல் லத்தீப் பாய். லாரியில் ஏற்றிக் கூடப் போவது என் வேலை.

முதல் வருஷம் நடந்தது அறியாமல் செய்த பிழை. ஜட்காவில் பூட்டும்போது தலை நிமிர்ந்திருக்கக் கடிவாளத்தை இழுத்துக் கட்டுவோம். அதுதான் குதிரைக்கு அழகு என்று ஊரில் எல்லோருக்கும் எண்ணம். அதே பழக்கத்தில் லாரியிலும் கயிற்றை மேல் கம்பியோடு குட்டையாகக் கட்டிவிட்டேன். டிரைவர் பெருமாள்சாமி பார்த்துச் சிரித்தார்.

“ஏலே சடையாண்டி, சந்தைக்குப் போறியா, இல்ல அதுக்குப் பொண்ணு பாக்கப் போறியா? மாப்பிள மாதிரில்ல நிக்குது!”

வழியெல்லாம் வைக்கோல் தூசி. கரூரில் மூட்டை இறக்கி, ஈரோட்டில் மூட்டை ஏற்றி, போய்ச் சேர மறுநாளாகிவிட்டது. பாதுஷாவுக்கு மூக்கில் சளி, இருமல், உடம்பெல்லாம் சூடு. ஒருவரும் விலை கேட்கவில்லை. திரும்பி வந்ததும் உங்களிடம்தான் கொண்டுவந்தோம்.

நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் உள்ளே போன தூசியும் சளியும் வெளியே வரும். தூக்கிக் கட்டினால் அத்தனையும் நெஞ்சுக்குள் இறங்கும். நீளமாகக் கட்டு, அங்கங்கே நிறுத்தித் தண்ணீர் காட்டு என்றீர்கள். ஒரு வார்த்தையையும் நான் மறக்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அது என் கையில்தான் இருந்தது. கஞ்சி காய்ச்சி ஊட்டுவேன். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

மறு வருஷமும் குட்டையாகவே கட்டினேன். மறுபடியும் இருமியது, மறுபடியும் என்னோடு திரும்பி வந்தது.

இந்த ஆடிக்குத்தான் சிக்கல். கோபியிலிருந்து முத்துச்சாமி என்றொருவர், சந்தையில் வாங்கிக்கொள்வதாகப் பாயிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். வெறும் இருமலுக்கு அவர் பின்வாங்க மாட்டார் என்று தோன்றியது. அதனால் கயிற்றை இன்னும் ஏற்றிக் கட்டினேன். தண்ணீரும் காட்டவில்லை. பெருமாள்சாமிதான் வாளியை நீட்டினார்.

“செத்த நேரம் நிறுத்துறேன், தண்ணி காட்டப்பு. வாய் வறண்டு கெடக்கு பாரு.”

“குடிச்சாச்சுண்ணே” என்றேன்.

சந்தையில் முத்துச்சாமி அதன் விலாவில் கை வைத்துப் பார்த்தார். “ஏனுங்க, இப்படி மூச்சு இரைக்குதுங்களே. நமக்கு வேண்டாமுங்க.”

எனக்கு மனசு லேசாகிவிட்டது.

திரும்பும்போதும் அப்படியேதான் கட்டியிருந்தேன். சீக்கிரம் தேறிவிட்டால் பாய் வேறு ஆள் பார்ப்பார் அல்லவா. வேடசந்தூர் தாண்டியதும் அதன் முன்னங்கால்கள் மடிந்தன. கயிறு விடாததால் தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. அவிழ்த்தேன். என் மடியில் வந்து விழுந்தது. நெஞ்சுக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் அப்போதுதான் மூக்கு வழியாக என் வேட்டியில் வடிந்தது.

செத்த குதிரையைப் பார்த்து லத்தீப் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உன்ன மாதிரி அதை யாருய்யா பாத்துக்கிட்டிருப்பா” என்றார்.

தாடைக்கடியில் கயிறு அறுத்த தடம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். கட்டியது நான்தான். நீங்கள் சொன்னது தெரிந்தேதான் கட்டினேன். ஆனால் வழியெல்லாம் அதன் முகத்துக்கு நேரேதான் உட்கார்ந்திருந்தேன், ஐயா. அதைத் தனியாக விட்டதே இல்லை.

பக்ருதீன் பாய் வீட்டில் புதிதாகக் குதிரை வாங்கியிருக்கிறார்கள்; பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். குதிரையை விட்டுப் பிரியாத ஆள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.