ரோசி எழுதுன எதிர்க்கட்டுரை

அந்த வரிய மட்டும் எழுதிப்போடாதீங்க, பார்வத்தியக்காரரே. சித்த பேனாவக் கீழ வைங்க. சூசையப்பன் வேணும்னே கெணத்துல உழுந்து செத்தான்னு சர்க்கார் மகசர்ல நீங்க எழுதிட்டீங்கன்னா, சாமியாரு கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட உட மாட்டாருங்க. தன் உசுரத் தானே எடுத்தவனுக்கு அங்க எடமில்லைன்னு காத்தாலயே சொல்லிப்போட்டாரு. பார்வத்தியக்காரரு என்ன எழுதறாரோ அதுப்படிதான்னு உக்காந்திருக்கறாரு. அங்க பாருங்க, மதலேனம்மா புருசனப் பாயில கெடத்திப்போட்டு உங்க கையவே பாத்துட்டிருக்குது.

நானுங்களா? ஓரம்பரை, சொந்தபந்தமெல்லாம் இல்லீங்க. மிடில் ஸ்கூல்ல தமிழ் வாத்தியாரு, பேரு கந்தப்பன். சூசையப்பன் மக ரோசி என்னோட கிளாசு, மூணாவது பாரம். அதனால வந்தேன். அதனாலன்னு சொன்னா... சரி, சொல்றேனுங்க, இருங்க.

நீங்க கேக்கறது நாயமான கேள்விதான். தண்ணியே காங்காத கெணறு. ரெண்டு வருசமா முள்ளப் போட்டு மூடிக் கெடந்துது. கடப்பாரை ஊட்டு மூலையில சாஞ்சு நிக்குது. தோண்டப் போனவன் கடப்பாரை இல்லாமயா போவான்? எறங்கறேன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லாம, விடியால வெறுங்கையோட எதுக்கு எறங்குனான்? ஊருல எல்லாரும் இதையேதான் பேசறாங்க.

வெறுங்கைக்குப் பதில் இருக்குதுங்க. மூடிப்போட்ட கெணத்துல மறுக்கா கை வெக்கோணும்னா, மொத நாளு இரும்பு உள்ள போகக் கூடாதாமுங்க. வெறுங்கையோட எறங்கி, அடிப்பாறையில காது வெச்சுப் பாத்துட்டு வரோணும். அப்புறமேல்தான் கடப்பாரை. இங்க கெணறு வெட்டற எந்தக் குடும்பத்துல வேணா கேட்டுப் பாருங்க. எறங்கயில காலு வெச்ச கல்லு பேந்துக்கிச்சு. அந்தக் கல்லும் கீழதான் கெடக்குது, நீங்களே பாத்தீங்கள்ல.

பாடம் சொல்ற வாத்தியானுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. ரோசி கட்டுரையில எழுதியிருந்துச்சுங்க.

அதென்ன கட்டுரைங்கறீங்களா? இந்தச் செவ்வாக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டரு வந்தாரு. புது ஆளு. மனப்பாடம் பண்ணி எழுதற சோலியெல்லாம் ஆகாது, புள்ளைங்க ஒரு பக்கம் நின்னு வாதம் பண்ணி எழுதோணும்னு முன்னாலயே காயிதம் போட்டிருந்தாருங்க. நானும் சொல்லிக் குடுத்தேன். நீ எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லு. காரணம் சொல்லு. ஒவ்வொரு காரணத்துக்கும் பாடத்துல இருந்து ஒரு சாட்சி எடுத்து வை. எதுத்தாப்புல இருக்கறவன் என்ன கேப்பான்னு நீயே கேட்டு, நீயே பதில் சொல்லு. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தேனுங்க, அதுல பொய்யில்ல.

விடாமுயற்சிதான் தலைப்பு. தமிழ் வாசகப் பொஸ்தகத்துல ஒரு கதை இருக்குது. பஞ்சம் புடிச்ச ஊருல ஒருத்தன் கெணறு வெட்டறான், எல்லாரும் சிரிக்கறாங்க, கூட இருந்தவங்களும் போயிடறாங்க, அவன் ஒத்தையில தோண்டித் தோண்டிக் கடைசியில தண்ணி பீச்சி அடிக்குது. அவன் உடாம தோண்டுனது சரியா, தப்பா? இதுதான் கேள்வி.

சரின்னு எழுத முப்பத்தொம்பது புள்ளைங்க. வெக்கக்கேடு, அதையும் சொல்லிப்போடறேன், அத்தனை பேருக்கும் நானே எழுதிக் குடுத்து உருப்போட வெச்சேன். இன்ஸ்பெக்டருக்குப் பயமுங்க. தப்புன்னு எழுத ஒரு ஆளு வேணுமல்ல? ரோசிக்குக் குடுத்தேன். பொட்டப்புள்ள, நாலு வரி எழுதிப்போட்டு உக்காந்துக்கும், மத்ததெல்லாம் எடுப்பா நிக்கும்னு நெனச்சேன்.

ஏனுங்க? அவங்கப்பன் கெணத்துச் சங்கதி எனக்குத் தெரியாதான்னா? தெரியுமுங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன். உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல.

ஆறு பக்கம் எழுதியிருந்துச்சுங்க அந்தப் புள்ள. நான் சொன்ன மாதிரியே, காரணம், சாட்சி, எதுக்கேள்வி, பதிலு, ஒண்ணு உடல. அது எழுதுனது இதுதானுங்க: எங்கப்பன் நாலு வருசம் தோண்டுனாரு. மண்ணுக்கூடை எங்கம்மா சொமந்துச்சு. தம்பி பொறந்த ஒம்பதாம் நாளும் சொமந்துச்சு. கதையில அந்த ஆளுக்குக் கூடை சொமந்தது ஆருன்னு ஒரு வரிகூட இல்ல. கதையில தண்ணி வந்ததுக்குக் காரணம் அவன் உடாமத் தோண்டுனதில்ல, கதை எழுதுனவரு அங்க தண்ணி வெச்சிருந்தாரு. எங்க கெணத்துல ஆரும் வெக்கல. நிறுத்துன அன்னைக்குத்தான் எங்கப்பன் கெட்டிக்காரரு ஆனாரு. இப்படிப் போகுதுங்க அது.

இன்ஸ்பெக்டரு கிளாசு முன்னால நின்னு முழுசாப் படிச்சாரு. மத்த நோட்டையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டு, எல்லாத்துலயும் வரிக்கு வரி ஒரே வாசகம், மேசை மேல வெச்சுட்டாரு. என்னைப் பாத்துத் திரும்பி, மாஸ்டர், இந்தப் புள்ள கேக்கறதுக்கு உங்க பதில் என்னன்னு கேட்டாருங்க. இருவது வருசம் சாக்பீசு புடிச்ச கை இது. நான் திரும்பிப் போர்டுல தலைப்ப மறுக்கா எழுத ஆரம்பிச்சேன். புள்ளைங்க கொல்லுனு சிரிச்சுதுங்க. ரோசி மட்டும் சிரிக்கல, அது தலையக் குனிஞ்சுட்டு நின்னுது. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துது.

மூடிக் கெடந்த கெணத்துக்குள்ள இத்தனை நாளு கழிச்சு இன்னைக்கு ஏன் போனான்னு கேட்டீங்க. அங்கதான் வரேனுங்க.

சூசையப்பனுக்கு எழுத்து வாசனை இல்லீங்க. மக பள்ளிக்கூடத்துல இருந்து எது கொண்டு வந்தாலும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் சோத்துல கை வெப்பானாம். நேத்தும் கட்டுரை நோட்டக் கொண்டு வந்திருக்குது. கட்டுரைய ஒருக்கா படிக்கச் சொன்னானாம். அடியில வாத்தியாரு எழுதியிருந்தத மூணு தரம் படிக்கச் சொன்னானாம். அப்புறம், விடியால போய்க் கெணத்து முள்ள எடுத்துப் போடறேன்னு ராத்திரியே அரிவாளத் தேடுனானாம். நான் காத்தால துக்கம் கேக்க வந்தப்ப ரோசிதான் சொல்லுச்சுங்க. என்னை ஒரு பேச்சுப் பேசல. நான் படிக்காம இருந்திருந்தா அப்பன் போயிருக்க மாட்டாருங்கள்ல சார்னு கேட்டுச்சு.

நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு நோட்டக் கேட்டு வாங்கி, மாட்டுச்சாளைக்குப் பின்னால போய் அந்தப் பக்கத்தக் கிழிச்சு மடிச்சு சட்டைப் பையில வெச்சுட்டேன். அடுப்புல போட்டரலாம்னுதான் ஊட்டுக்குக் கெளம்புனேன். வேலிகிட்ட வரயில நீங்க வேணும்னே உழுந்துன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுத ஆரம்பிச்சீங்க.

இந்தாங்க. பிரிச்சுப் படிங்க. சேப்பு மை என்னோடதுதான்.

எழுத்து வெளங்கலியா? நானே படிக்கறேன். உன் தகப்பன் சோம்பேறி. இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும். தோற்றவன் மகளுக்கு வாதம் எதற்கு?

அந்த ஒரு முழத்தத் தோண்டத்தான் எறங்குனான், சாகறதுக்கு இல்லீங்க. இத மகசரோட சேத்து வெச்சுத் தையுங்க. என்னோட பேரும் போட்டு எழுதிக்குங்க, சாமியாருகிட்ட நானே வந்து படிச்சுக் காட்டறேன். கீழ மூலையிலயும் பாருங்க. பத்துக்கு மூணு மார்க்குப் போட்டிருக்கறேனுங்க.