சிவக்காத முகம்

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரம் ஒரு கோடு இழுத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்கள் சாயப் பட்டறையில் பட்டு நூல் கழியை முற்றத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறோமே, அதே முறைதான். டியூப் லைட் எந்த நிறத்தையும் உள்ளபடி காட்டாது.

சிவக்கிற தோல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். என் மனைவி பரிமளாவுக்கு அந்தத் தோல். வெயில், காரம், சூடான காபி, எதுவானாலும் கன்னம் சிவந்துவிடும். வேலூரில் ஒரு தோல் டாக்டர் அதற்கு ஏதோ பெயர் சொல்லி, பயந்தாலும் பதறினாலும்கூட வரும் என்றார். எனக்கு அந்தச் சிவப்பு பிடித்துத்தான் இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளை பெயர் ஹேமநாத் என்று சொன்னதும் அவள் முகம் குப்பென்று சிவந்தது. வாயால் சொல்லும் சம்மதம் யாரோ சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம், முகம் அப்படி இல்லை என்று நினைத்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஃபேன் ஓடவில்லை, நல்ல புழுக்கம். அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சிவப்பு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அரக்கா, குங்குமமா, மிளகாய்ப்பழமா என்று கழியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஆகவே பரிமளா கடைவீதியில் ஒரு பட்டுக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு, சாயங்காலம் அவள் வந்ததும் சும்மா பேச்சுக் கொடுப்பேன். பேச்சோடு பேச்சாக ஒரு பெயரைப் போடுவேன். வெற்றிச்செல்வன் என்று அந்தக் கடையில் ஒரு சூப்பர்வைசர், பெரணமல்லூரிலிருந்து பைக்கில் வருகிறவன். அவன் பெயருக்கு முகம் சிவந்தது. நான் நியாயமாகத்தான் நடந்தேன். ஒரு பெயரை வைத்து முடிவு கட்டவில்லை, மற்றப் பெயர்களையும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தணிகாசலத்துக்கும் சிவந்தது. பால்காரருக்கும் சிவந்தது. அவள் கூடப்பிறந்த தம்பி பெயருக்கும் சிவந்தபோது எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரே ஒரு ஆள் என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

“நீங்க இப்பிடி மூஞ்சியவே பாத்துகினு கேட்டா யாருக்கும் ஒரு மாரிதாங்க ஆவும்,” என்றாள் ஒருநாள். பதில் இல்லாதவர்கள் அப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருக்கும் அவள் அக்கா ஒரு ஃபவுண்டேஷன் அனுப்பினாள். வெளிநாட்டுச் சரக்கு, கனமான கண்ணாடிக் குப்பி. சிவப்பை அடக்க அடியில் லேசாகப் பச்சைச் சாயல் உள்ள ஒன்றைப் பூசி, அதன் மேல் இதைப் பூச வேண்டுமாம். பூசிக்கொண்டு வந்து சிரித்தபடி நின்றாள். வெற்றிச்செல்வன் என்றேன். ஒன்றும் இல்லை. தணிகாசலம் என்றேன். வழுவழுவென்று ஒரே நிறம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்காக மூட வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

நான் சத்தம் போடவில்லை. கோபப்படுகிற ஆள் இல்லை நான். அந்தக் குப்பி என் கை தவறி விழுந்து உடைந்தது. பதிலுக்கு நானே வாங்கித் தருகிறேன் என்று சென்னைக்குக் கூட்டிப்போனேன். பெரிய பெரிய கடையாக ஏறி இறங்கினோம். கடைப் பெண் அவள் தாடையில் கோடு கோடாக இழுத்தாள். நான் ஒவ்வொரு முறையும் அவளைக் கண்ணாடிக் கதவருகே கூட்டிவந்து பார்த்தேன். பரிமளாவுக்கு ஒரே சந்தோஷம். “எந்த வூட்டுக்காரரு இவ்ளோ பொறுமையா நிப்பாரு?” என்று அந்தப் பெண்ணிடம் பெருமையடித்தாள். இருப்பதிலேயே மெல்லிசாக, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இதுதான் உனக்குப் பொருந்துகிறது என்றேன். விலையில் நான் குறை வைக்கவில்லை.

கொஞ்ச காலம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒருநாள், “நீங்க வாங்கினது தண்ணி மாரி கீதுங்க, ஒண்ணும் மூட மாட்டேங்குது,” என்று சொல்லிவிட்டு, தன் சம்பளத்தில் அக்கா அனுப்பிய அதே சரக்கை வரவழைத்துக்கொண்டாள். ஆன்லைனில் விற்க, அவள் கடையில் சேலை கட்டிக் காட்டும் வீடியோ எடுக்கிறார்களாம். அதில் இவளை நிற்கச் சொன்னார்களாம்.

“சின்ன வயசுலேர்ந்து தலைய குனிஞ்சிகினே இருந்தேங்க. இப்பதான் நிமிந்து நிக்கிறேன்.”

அதைச் சொல்லும்போது என் கண்ணை நேராகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. வீடியோ எடுப்பது யார் என்று கேட்டேன். வெற்றிச்செல்வன் என்றாள். அவள் வாயாலேயே அந்தப் பெயரைச் சொன்னாள், முகத்தில் துளி மாற்றம் இல்லை.

பட்டில் தப்பாக ஏறிவிட்ட சாயத்தை உரித்தெடுக்க எங்களிடம் ஒரு பொடி உண்டு. மேலே ஏறியது போய், நூல் தன் சொந்த நிறத்துக்கு வந்துவிடும். அதைத்தான் குப்பியில் கலந்தேன். அவளுக்குக் கெடுதல் செய்ய அல்ல. பூச்சு நிற்காமல் போனால் போதும் என்றுதான். சரக்கு கெட்டியாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

வீடியோ எடுக்கிற அன்று காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து பூசினாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கன்னம் இரண்டும் முடித்து நெற்றிக்கு வருவதற்குள், “எரியுதுங்க,” என்று எழுந்தாள். குழாயடிக்குப் போகப் பார்த்தவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“கழுவாத. காயட்டும். கொஞ்ச நேரத்துல சரியாப்பூடும்.”

என்னை நம்பி உட்கார்ந்தாள். நான் கையை விடவில்லை. வெற்றிச்செல்வனுக்கும் உனக்கும் என்ன என்று கேட்டேன். “அய்யோ, வுடுங்க, எரியுது,” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஆனால் பூச்சுக்கு அடியிலிருந்து அந்தச் சிவப்பு மேலே வந்தது. அப்படி ஒரு சிவப்பை என் பட்டறையில் நான் ஏற்றியதே இல்லை. அவள் அலறல் கேட்டுத் தணிகாசலம் கதவை இடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டதால் பிறகு கையை விட்டுவிட்டேன்.

ஆமாம், கலந்தது நான்தான். கழுவ விடாமல் பிடித்துவைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கன்னம் இனி எப்போதும் ஒரே நிறத்தில்தான் இருக்கும், எதற்கும் மாறாது என்கிறார் டாக்டர். அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. இனி எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை அவளைப் பார்த்தேன். கன்னமெல்லாம் கட்டு, நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அந்த நெற்றி அப்படியே வெளுத்துப்போயிற்று. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மனசில் ஒன்றும் இல்லாதவளுக்கு என்னைக் கண்டதும் முகம் ஏன் வெளுக்க வேண்டும்?