காசு போட்டால் நல்ல சேதி

உட்கார நல்ல நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி. பொது இடத்து நாற்காலி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அந்த மருத்துவமனைக் கூடத்தில் காசு போட்டால் ஓடும் கணினிகள் நான்கை வைத்தபோது, நிர்வாகி அம்மாளிடம் நான் முதலில் வாதாடியதே நாற்காலிக்காகத்தான். நின்றபடி இணையம் பார்ப்பவர் அவசரத்தில் எதையாவது தப்பாகப் புரிந்துகொள்வார் என்றேன். அவர் சிரித்துவிட்டு, முதுகு சாய்கிற மாதிரி வாங்கிக் கொடுத்தார்.

அதுதான் என் தொழில். ரயில் நிலையம், துணி வெளுக்கும் கடை, நூலகம் என்று எங்கே ஆட்கள் சும்மா காத்திருக்கிறார்களோ அங்கே என் கணினிகள் இருக்கும். உண்டியல் மாதிரி ஒரு துளை. நாணயத்தை உள்ளே விட்டால் திரை கண் விழிக்கும், நேரம் தீர்ந்தால் தூங்கிவிடும். மற்ற இடங்களில் பாட்டு கேட்பார்கள், வேலை தேடுவார்கள், பழைய காதலி என்ன ஆனாள் என்று எட்டிப் பார்ப்பார்கள். மருத்துவமனையில் மட்டும் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். டோக்கனை மடியில் வைத்துக்கொண்டு தங்களுக்கு என்ன நோய் என்று தேடினார்கள்.

வைத்த புதிதில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். தேக்குமரம் மாதிரி ஆள். தலைவலி என்று தட்டினார், படித்தார், விசும்பத் தொடங்கிவிட்டார்.

"மண்டைக்குள்ள என்னமோ வளருதாம் சார். வீட்ல எப்படிச் சொல்லுவேன்?"

டாக்டர் அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மனிதர் அழுத அழுகைக்கு யார் பொறுப்பு? என் கணினி முன்னால் உட்கார்ந்தல்லவா அழுதார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நான்கு கணினிகளும் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வெளியே இணையத்துக்குப் போய் வரும். அதற்கு ஒரு சின்ன வேலை சொல்லிக் கொடுத்தேன். யாராவது தலைவலி என்று தேடினால், வெளியே போகாமல் நான் எழுதிய பக்கத்தைக் காட்ட வேண்டும். 'பெரும்பாலும் களைப்பு. வெந்நீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள்.' பக்கம் மொட்டையாகத் தெரிந்ததால் உச்சியில் மருத்துவமனையின் சின்னத்தை வைத்தேன். பார்வைக்கு லட்சணமாக இருந்தது.

பிறகு வயிற்றுவலிக்கு எழுதினேன். இருமலுக்கு, மயக்கத்துக்கு, கட்டிக்கு, நெஞ்சுவலிக்கு. ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்தி எழுதினேன். மருத்துவம் படிக்காதது எனக்கு வசதியாகப் போயிற்று. படித்தவர்கள் எழுதினால் எதற்கெடுத்தாலும் 'ஆனால்' என்று ஒரு வால் இருக்கும். என் பக்கங்களில் வால் கிடையாது.

கூடத்தின் முகமே மாறிவிட்டது. படித்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள், பக்கத்து ஆளிடம் மிட்டாய் கேட்டு வாங்கித் தின்றார்கள். சிலர் டோக்கனைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கே போனார்கள். நிர்வாகி அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"கூட்டம் பாதியா குறைஞ்சிருச்சே. என்ன மாயம் பண்ணீங்க?"

"நாற்காலி நல்லா அமைஞ்சிருச்சும்மா" என்றேன். அடக்கமாக இருப்பது என் சுபாவம்.

முடிதிருத்துபவர் விஷயத்தை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கழுத்தில் கட்டி என்று வந்தார். என் பக்கத்தைப் படித்துவிட்டு விசிலடித்துக்கொண்டே போனார். மழைக்காலம் முடிந்து நான் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்தேன். திரும்பி வந்து கட்டிக்கான பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'முடிந்தால் குடும்பத்தோடு எங்காவது வெளியூர் போய் வாருங்கள்.' தவறிலிருந்து கற்றுக்கொள்ளாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அடுத்து அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். பூட்டுச் சாவிக் கடை வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். என்னை 'உண்டியல்காரன்' என்றுதான் கூப்பிடுவார். அன்று காலை அக்கா அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் கணினியில் சிக்கிய நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அறைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணினியில் உட்கார்ந்து தட்டினாள். நெஞ்சு அடைக்கிறது, கை வலிக்கிறது, வியர்க்கிறது. என் பக்கம் வந்தது.

அவள் இரண்டு தடவை படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, வெறும் வாயுன்னு போட்டிருக்கு. இத நம்பலாமாடா?"

அத்தான் என் தோளில் கை போட்டார். கை சில்லென்று இருந்தது. "பாத்தியா, நான் வீட்லயே சொன்னேன். கேட்டாளா உங்கக்கா? நீயே சொல்லுடா உண்டியல்காரா."

"நம்பலாம்க்கா" என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? அவள் முகம் தெளிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு பக்கம் பொய் என்றால் மற்றப் பக்கங்கள் என்ன ஆகும்? விசிலடித்துக்கொண்டு போன அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்? வாசல்வரை போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். அத்தான் ஏறும்போதும் ஏதோ கேலி செய்தார். மத்தியானம் கடை வாசலில் சரிந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா பக்கத்து வீட்டுக் கணினியில் அதே வார்த்தைகளைத் தட்டியிருக்கிறாள். 'உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்' என்று வந்திருக்கிறது. அதை அச்செடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அங்கதானடா இருந்தோம்" என்றாள். நேராக இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

எல்லாப் பக்கங்களையும் நான்தான் எழுதினேன். முடிதிருத்துபவர் செத்துப்போன பிறகும் எடுக்கவில்லை. அத்தானைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கணினிகளை நீங்கள் எடுத்துப்போன பிறகு அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்தீர்களா? ஒருத்தர் முகத்திலும் ரத்தமில்லை. அத்தான் கடைசியில் அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு "பயமா இருக்கு" என்று சொன்னாராம். அவள் அப்படிச் சொல்கிறாள். துக்கத்தில் இருக்கிறாள், பாவம், சரியாகக் காதில் விழுந்திருக்காது. என் பக்கத்தைப் படித்த யாரும் பயப்பட மாட்டார்கள்.