மூக்கு அறுபட்ட துப்பாக்கி

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தொங்குரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். பட்டறைச் சட்டை போட்டிருந்த இளையவள் சொன்னாள்:

"அக்கா, ஆரோ மூக்கறுத்த துவக்குக்கு நான் மூக்கு வைச்சுக் குடுத்தனான்."

மூத்தவள் சுற்றிப் பார்த்தாள். "மெல்லக் கதையடி. துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்."

நான் ஜன்னலைப் பார்த்தபடி காதைக் கொடுத்திருந்தேன்.

"வேட்டைத் துவக்கு எண்டுதான் ஒருத்தர் திருத்தக் கொண்டு வந்தவர். நான் கழட்டிப் பார்த்தால் உள்ளுக்குப் பட்டாள நம்பர். உலகப்போர் முடிய ஆரோ முன் மரத்தை அறுத்து வேட்டைக்கு மாத்தியிருக்கினம்."

"பிறகு?"

"அவர் பழையபடி ஆக்கித் தரச் சொல்ல, அதே மாதிரி மரம் தேடி ஒட்டினன். ஒட்டின இடம் இரும்புப் பட்டைக்குக் கீழ மறைஞ்சிட்டுது. முதலாளி பூதக்கண்ணாடி வைச்சுத் தேடியும் பிடிக்க ஏலேல்லை."

"கெட்டிக்காரி! வெள்ளியோட உன்ர அவுஸ்பில்டுங் பயிற்சி முடியுதெல்லே, வேலைக்கு வைச்சிருப்பாரோ?"

"அதுதான் எனக்கும் பயமாய் இருந்தது. பட்டையைக் கழட்டினவர், புது மரத்தில நான் வெட்டின எழுத்தைக் கண்டிட்டார். என்ன கிறுக்கல் எண்டு கேட்டார். என்ர பேரின்ர முதல் எழுத்து, நாளைக்கு ஒருத்தரும் இதை முழுக்கப் பழசு எண்டு ஏமாத்தி விக்கக் கூடாது எண்டன்."

"ஏசினவரோ?"

"இல்லை. பட்டையைத் திருப்பிப் பூட்டிப் போட்டு, திங்கக்கிழமையும் நேரத்துக்கு வா எண்டார்."

மூத்தவள் எழுந்தே விட்டாள். "எங்கட பிள்ளை துவக்குத் திருத்துறாள்!" என்றாள், பெட்டி முழுக்கக் கேட்க.