நான்காம் மாதம் முடிய மூன்று நாள்

மயிலாப்பூரில் எங்கள் வீதியில் தீட்டு எத்தனை நாள் என்று ஐயம் எழுந்தால், என்னிடம் வந்து கேட்பதே வழக்கம். இன்ஸ்பெக்டரே, உம்முடைய தகப்பனார் காலமானபோது நீரும் வந்தீர். அன்று நின்றுகொண்டு கேட்டீர். இன்று உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர். அவ்வளவுதான் வேறுபாடு.

விதி எளியது. நான்கு மாதத்துக்குள் கரு நழுவினால் வீட்டு ஆடவர்க்கு ஒரு முழுக்குப் போதும். மாதம் நிறைந்து பிறந்தால் பங்காளிகள் யாவருக்கும் பத்து நாள் தீட்டு. பத்து நாளைப் பெறுவது உயிர். ஒரு முழுக்கோடு தீர்வது உயிராகாது. உம்முடைய சட்டமும் அசையும் கரு, அசையாத கரு என்று பிரிப்பதாக ஒரு வக்கீல் சொன்னார். ஆகையால் ஏளனம் வேண்டா.

பவ வருஷம் ஆனியில் எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். வேத பாராயணத்துக்குத் தலைமை ஏற்குமாறு என்னைக் கேட்டிருந்தனர். அந்த அழைப்புக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன். என் குமாரன் சுந்தரராமனின் மனைவி ஜலஜாவுக்கு அதே வாரத்தில் பிரசவம் ஆகும் என்று கணக்கிட்டேன். தீட்டுடையவன் யாகசாலையை மிதிக்கலாகாது.

ஆகவே தை மாதத்தில் மருத்துவச்சி தேவானையை அழைத்தேன். அவள் ஜலஜாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்; பிறகு கொல்லைப்புறத்தில் என்னிடம், "இன்னா சாமி, புள்ள உதைச்சிக்கினு கீது, இத்தப் போயி கலைக்கச் சொல்றியே? ஊருக்கெல்லாம் நாளு எண்ணத் தெரியுது, ஒரு உசுர எண்ணத் தெரியலியா?" என்றாள்.

அது வாயு என்றேன். என் கணக்கில் நான்காம் மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். உம்மிடம் மனுக் கொடுத்தவளும் அவளே என்று அறிவேன்.

மருந்தை வேறிடத்தில் வாங்கினேன். கர்ப்பத்துக்குப் பலம் தரும் லேகியம் என்று கூறி, நானே ஜலஜாவின் கையில் கொடுத்தேன். கசக்கிறது என்றாள், ஆயினும் மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் காலையில் குழந்தையும், நடுப்பகலில் அவளும் போயினர். குழந்தைக்காக ஒரு முழுக்கும், அவளுக்காகப் பத்து நாளும் காத்தேன். ஒரு நாளும் குறைக்கவில்லை. கும்பாபிஷேகம் குறைவின்றி நடந்தேறியது.

வேறு வழியே இல்லையா என்று கேட்கிறீர். இருந்தது. ஜலஜாவே மருந்து கொடுத்ததற்கு முந்தின வாரம் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்குப் போய் ஏன் மாமா கவலைப்படறேள்? பிரசவத்துக்கு எங்கப்பா ஆத்துக்குத்தானே போகப்போறேன்? கும்பாபிஷேகம் முடியற வரைக்கும் லெட்டர் போடாதேங்கோன்னு சொல்லிடறேன். காதுல விழலேன்னா தீட்டு இல்லேன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றேள்!"

அவள் சொன்ன விதி மெய்யே. ஆயினும் குழந்தை பிறந்திருக்கும் என்று அறிந்தும், அறியாதவன்போல் யாகசாலையில் அமர்வது பொய்யாகும். பொய் மட்டும் என்னால் ஆகாது, இன்ஸ்பெக்டரே.