சமையல்காரர் வேஷம்

அமெரிக்காவில், டெக்சஸின் ரவுண்ட் ராக் ஊரில் ஓர் இந்திய மளிகைக் கடை. பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம்.

"இவளுக்குச் சமையல்காரர் வேஷம் வேணாம், டாக்டர் வேஷம் குடுங்கன்னு டீச்சருக்கு மெயில் போட்டுட்டேன்" என்றார் மனைவி.

மகளின் வகுப்பில் நாடகமாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு பெரிய தேவாலயத்துக்குப் பயணம் போன யாத்ரீகர்களின் கதை. போர்வீரர், கன்னியாஸ்திரீ, மாவு அரைப்பவர் என்று ஆளுக்கொரு வேஷம்.

கணவரின் முகம் சிவந்தது. "அவளே ஆசையா கேட்டு வாங்கினது. ஏன் மாத்தின?"

"எல்லா பேரன்ட்ஸும் வருவாங்க. அப்பா என்ன பண்றாருன்னு கேப்பாங்க."

"ரெஸ்டாரன்ட்ல குக்குன்னு சொல்லு! பன்னெண்டு வருஷமா அந்த அடுப்பு முன்னாடிதானே நிக்கிறேன்?"

"கத்தாதீங்க, பாக்கறாங்க."

"பாக்கட்டும். என்னைச் சொல்லிக்க உனக்கு வெக்கமா இருக்கா?"

மகள்தான் பேசினாள்.

"அம்மா, ஐ டோல்ட் மை டீச்சர் நோ. ஐ ஆம் ஸ்டில் த குக்."

"அப்ப நான் நாடகத்துக்கு வரல."

"வராத" என்றார் கணவர். "நான் லீவு போட்டுட்டு வர்றேன். குக் கோட்டைப் போட்டுக்கிட்டே வர்றேன்."