கிரிம்ஷாவின் கடைசி அத்தியாயம்

உதைபந்தாட்டத்தில் ஒஃப்சைட் என்றால் எனக்கு என்னவென்று இன்றுவரை விளங்காது. ஆனால் ஆல்பர்ட் கிரிம்ஷா என்ற ஆங்கிலேயர் 1904 முதல் எந்தெந்தக் கழகங்களுக்குப் பந்தடித்தார், அவருடைய முழங்கால் எப்போது உடைந்தது, பிறகு மேலாளராகி ஒரு சின்ன ஊர்க் கழகத்தை எப்படி முதற்பிரிவுக்கு ஏற்றினார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவருடைய வாழ்க்கைக் கதையைப் பதினொரு வருடம் தட்டச்சு செய்தவள் நான்.

என் கணவர் மாணிக்கவாசகத்துக்கும் கிரிம்ஷாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாங்கள் குடியேறிய நகரத்தின் புறநகரான ஹென்டர்சனில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த மனிதரின் அணிப்படம் ஒன்று கிடைத்தது. இவர் யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு ஆடியவர். ஓய்வுபெற்ற பின் கிரிம்ஷாவைப் பற்றிப் புத்தகம் எழுதத் தொடங்கினார். கண் மங்கிவிட்டதால் அவர் சொல்வார், நான் தட்டுவேன். 1927இல் கழகம் கிரிம்ஷாவைப் பதவி நீக்கும் இடம் வந்ததும், "சரியில்லையப்பா, திரும்ப முதலில இருந்து" என்பார். பதின்மூன்று தடவை அப்படி நடந்தது.

அம்மா கொழும்பில் படுக்கையில் கிடந்தபோது போய்வரக் கேட்டேன்.

"புத்தகம் முடியட்டுமப்பா. அந்த மனுசனை நடுவில விட்டிட்டுப் போறதே?"

"அந்த மனுசன் செத்து எழுபது வருசம். அம்மா இன்னும் சாகேல்லை."

சிரித்தார். நல்ல பகிடி என்று மகள் தாரிணிக்கும் போனில் சொன்னார். அம்மா அந்த மாதமே போய்விட்டார். அன்று நான் 1921ஆம் ஆண்டின் கிண்ணப் போட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் ஒன்றும் இருக்கவில்லை. களைப்புத்தான்.

போன ஓகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீடிருக்கும் லின்ஃபீல்டில் நல்ல மழை. முதல் தடவையாக அவர் புத்தகத்தில் அந்தப் பதவிநீக்க இடத்தைத் தாண்டினார். கிரிம்ஷா மைதானக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறார். அப்போது இவருடைய இடக்கையிலிருந்து தேநீர்க் கோப்பை சரிந்தது. வாயின் இடது ஓரம் இறங்கியிருந்தது.

நான் இருபத்திரண்டு வருடம் பக்கவாத வார்டில் தாதியாக இருந்தவள். மணியைப் பார்த்தேன், மூன்று இருபது. அது பழக்கம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளையில் எவ்வளவு சாகும் என்று புதிய தாதிகளுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

"சொல்லுங்கோ," என்றேன். "கிரிம்ஷா வீட்டுக்குப் போறார். அதுக்குப் பிறகு?"

அவர் என்னைப் பார்த்தார். பேச்சுக் குழறியது. அப்படிப்பட்டவர்களின் பேச்சு எனக்கு நன்றாக விளங்கும். எழும்பப் பார்த்தபோது முதுகுக்குத் தலையணை வைத்து இருத்தினேன். சிந்திய தேநீரைத் துடைத்தேன். தொடர்ந்து தட்டினேன். ஐந்து பத்துக்குக் கடைசி முற்றுப்புள்ளி விழுந்தது. சேமித்துவிட்டு அவசர இலக்கமான 111க்கு அடித்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், எப்போது தொடங்கியது என்று கேட்டாள். இப்போதுதான் என்றேன். நான்காம் நாள் போய்விட்டார்.

எப்சமில் ஒரு மண்டபத்தில் புத்தகம் வெளியிட்டோம். அவருடைய பள்ளித் தோழர் சிவனேசன் மேடையில் கண் கலங்கினார். "கடைசி அத்தியாயத்தில வேண்டாத ஒரு சொல் கூட இல்லை. மாணிக்கம் எங்களுக்கெல்லாம் பிரியாவிடை சொல்லியிருக்கிறான்," என்றார். கை தட்டினார்கள். கணவரின் வாழ்நாள் ஆசையை முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனைவி இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஆனால் கணக்காகச் சொல்வதென்றால், அந்தக் கடைசி அத்தியாயத்தின் நான்கு பக்கத்தில் இரண்டு வரிதான் அவருடையது. மற்றதை நான் எழுதினேன். அந்த நேரம் முழுக்க அவர் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது "ஆம்புலன்ஸ்" என்ற ஒரே சொல். அது கதைக்குத் தேவைப்படவில்லை, அதனால் தட்டவில்லை.